பிள்ளையைக் கையில் வாங்காதவன்

நீங்க கேட்டதுல தப்பில்லைங்கய்யா. உங்க இடத்துல நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். ஒரு பொண்ணு கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு சின்னமனூர்ல இருந்து முன்னாடி சீட்டுல குலுங்கிக் குலுங்கி வருது. புருசன்காரன் பின்னால பையை மடியில வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றான். பாக்கிறவுகளுக்கு என்ன தோணும்? 'தம்பி, பிள்ளையைச் செத்த நேரம் நீங்க வாங்கி வச்சுக்கலாம்ல'ன்னு நீங்க மரியாதையாத்தான் கேட்டீக. தேனியில ஏறுன ஒரு அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுக்கு இது எவ்வளவோ தேவலை.

இல்லைங்கய்யா, பொம்பளப்பிள்ளைன்னு இல்ல. பொம்பளப்பிள்ளைதான். ஆனா காரணம் அது இல்ல. எங்க அத்தை, என் மாமியா, அந்தா என் வீட்டுக்காரி ஜோதிக்குப் பக்கத்துல எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு வர்றாக பாருங்க, அவுக அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காக. மாப்பிள்ளைக்குப் பொட்டப்பிள்ள ஆகாதுன்னு. நினைச்சுட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன். அதுல என்ன கெட்டுப் போச்சு? எங்க பக்கம் ஆம்பளைகள்ல பாதிப்பேர் அப்படித்தான். அதுக்காக எவனையும் யாரும் கேவலமாப் பேசுறதில்ல.

நீங்க மதுரையில இறங்கிப் போயிருவீக. உங்களை நான் மறுபடி பாக்கப் போறதில்ல. அதனால சொல்றேன். கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க, சத்தமாச் சொல்ல முடியாது.

என் பேரு தவமணி. குட்டியானைன்னு சொல்லுவாகளே, அந்தச் சின்ன லோடு வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன், வாழைத்தார் லோடு. மண்டியில இருந்து கேரளா வரைக்கும் போவேன். இப்ப ஓட்டுறதில்ல. இடுப்பு வலின்னு சொல்லி வண்டியைச் சித்தப்பா மகன்கிட்ட விட்டிருக்கேன். நான் மண்டியில உக்காந்து காய் தரம் பிரிக்கிறேன். இடுப்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு.

ஜோதிக்கு எட்டாம் மாசம் நடக்கும்போது கால் வீங்கிருச்சு. மொகமும் உப்பலா இருந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா, மாசமா இருந்தா அப்படித்தான் ஊதும்னு சொல்லிருச்சு. நாங்களும் விட்டுட்டோம். ஒருநாள் காலையில தோசை ஊத்திக்கிட்டு இருந்தவ, 'ஏங்க, கண்ணு ரெண்டும் மங்கலாத் தெரியுது, மண்டை பொளக்குது'ன்னா. 'அடுப்பை அமத்திட்டுப் போய்ப் படு'ன்னுட்டு நான் வாசல்ல வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். தோசை கருகுற வாசம் வந்துச்சு. ஏய் ஜோதின்னு சத்தம் குடுத்தேன். பதில் இல்ல. உள்ள போய்ப் பாத்தா அடுப்படியில கெடக்கிறா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு மேல சொருகிருச்சு. பல்லைக் கடிச்சதுல நாக்குல இருந்து ரத்தம்.

அன்னைக்கு நான் செஞ்சதை நினைச்சா எனக்கு இப்பவும் பெருமைதான். பொய் சொல்லக் கூடாதுல்ல. ஆம்புலன்சு வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க எனக்கு மனசு வரல. வண்டிக்குப் பின்னால சருகு மேல மெத்தையை விரிச்சு, அவளைத் தூக்கிப் போட்டு, பக்கத்து வீட்டு அக்காவைப் பிடிச்சுக்கச் சொல்லி, தேனி போற வரைக்கும் ஹாரன்ல இருந்து கையை எடுக்கல. ஆஸ்பத்திரியில, பிரஷர் ஏறி வந்த வலிப்பு, உடனே வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுக்கணும்னாக. எடுத்தாக. பிந்தியிருந்தா ரெண்டு உசுரும் தங்கியிருக்காதுன்னு பெரிய டாக்டர் என் தோள்ல தட்டிச் சொன்னாரு. அதை நான் மண்டியில சொல்லாத ஆள் இல்ல. அவ எப்படி இழுத்துக்கிட்டுக் கெடந்தா, கண்ணு எப்படிச் சொருகுச்சு, நான் எப்படித் தூக்குனேன், ஒவ்வொண்ணா நடிச்சே காட்டியிருக்கேன். டீக்கடையில, சலூன்ல, எல்லா இடத்துலயும். ஆம்பளைன்னா இவன்தான்னாக.

பிள்ளைக்கு நாள் ஆகலையா, கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாக. ஜோதியைத் தனியா ஒரு வார்டுல, மிசின் எல்லாம் மாட்டி. அவளுக்கு நினைவு வர்றதும் போறதுமா இருந்துச்சு. எங்க அம்மா இப்ப இல்ல. அத்தை கூடலூர்ல இருந்து வந்துட்டாக, ஆனா அவுகளுக்கு அப்ப சளியும் இருமலுமா இருந்துச்சு, பிள்ளை பக்கமே விடல. அப்ப ஒரு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, 'பிள்ளையோட அப்பா நீங்கதானே, குளிச்சுட்டு, சட்டையைக் கழட்டிட்டு வாங்க'ன்னாக. எனக்கு ஒண்ணும் புரியல. உள்ள போனா ஒரு சாஞ்ச நாற்காலியில உக்கார வச்சு, பிள்ளையை என் வெறும் நெஞ்சுல குப்புறப் போட்டு, மேல ஒரு துணியைச் சுத்திக் கட்டி விட்டாக. அம்மாவால முடியலைன்னா அப்பா போட்டுக்கலாமாம். அந்தச் சூட்டுலதான் வெயிட் ஏறுமாம். கங்காரு மாதிரின்னாக.

எனக்கு வெக்கமாப் போச்சு. சுத்தி நர்சுக. ஆனா ஐயா, ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்குனா ஒரு கனம் தெரியும்ல? அந்தக் கனம் கூட இல்ல. மூச்சு விடுறது மட்டும் தெரியுது, என் மூச்சும் அது மூச்சும் முட்டிக்கிட்டு. நான் அசையவே இல்ல. மூக்குல அரிச்சாக் கூடச் சொறியல. சிஸ்டர் வந்து 'போதும் எந்திரிங்க, உங்களுக்குக் காலு மரத்துப் போயிரும்'னாக. இன்னும் செத்த நேரம்ங்க சிஸ்டர்னேன். அதுல இருந்து தினமும் போனேன். மிசினைப் பாத்துட்டு, அப்பா நெஞ்சுல போட்டா பிள்ளைக்கு மூச்சு சீரா ஓடுதுன்னு அவுகளே சொன்னாக. அதையும் மண்டியில சொல்லலாம்னு இருந்தேன். சொல்லல. நெஞ்சுல பிள்ளையைக் கட்டிக்கிட்டேன்னா சிரிப்பானுங்க.

அதுக்கு அப்புறம்தான் இது நடந்துச்சு.

ஒருநாள் காலையில ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல டீ குடிக்கப் போனேன். தூக்கம் இல்லாமத்தான் இருந்தேன், ஆஸ்பத்திரியில தூக்கம் ஏது. டீ கிளாசைக் கையில வாங்குறேன், இடது கை விரல் தானா ஆடுது. நான் ஆட்டல. நிறுத்தலாம்னு பாக்கிறேன், நிக்கல. டீ எல்லாம் கை மேல சிந்துது. சூடே தெரியல. இதென்னடான்னு பாத்தது மட்டும்தான் ஞாபகம்.

முழிச்சுப் பாத்தா ரோட்டுல கெடக்கிறேன். கையில யாரோ ஒரு சாவிக்கொத்தை வச்சு அமுக்கியிருக்காக. மூக்குக்கிட்ட செருப்பு நாத்தம். சுத்திலும் கூட்டம். காக்கா வலிப்புடா, தள்ளி நில்லுங்கடான்னு ஒருத்தர். நான் எந்திரிக்கப் பாக்கிறேன், முடியல. அப்பத்தான் வேட்டி நனைஞ்சிருக்கிறது தெரிஞ்சுச்சு. டீ இல்லைங்கய்யா. என்னன்னு உங்களுக்குப் புரியும். பள்ளிக்கூடம் போற பொண்ணுக ரெண்டு மூணு நின்னு பாத்துட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போச்சுக. ஒரு ஆட்டோக்காரர் தன்னோட துண்டை எடுத்து என் இடுப்புல போட்டாரு. அவரு மொகம் எனக்கு ஞாபகம் இல்ல. அவர் ஞாபகத்துல என் மொகம் இருக்கக் கூடாதுன்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டேன்.

அதே ஆஸ்பத்திரிதான், வேற கட்டிடம். ஸ்கேன் எடுத்தாக. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், படத்தைக் காட்டிச் சொன்னாக. நாடாப்புழு முட்டை எப்படியோ வயித்துக்குள்ள போயி, ரத்தத்துல கலந்து மூளையில போய்ச் சின்னதா ஒரு கட்டியா உக்காந்திருக்காம். கழுவாத காய்கறி, சுத்தமில்லாத தண்ணி, இதுல வருமாம். நான் லோடு ஏத்துற எடத்துல மூட்டையில இருந்து கேரட்டை உருவி வேட்டியில துடைச்சுத் தின்கிற ஆளு. 'பயப்படாதீங்க, நிறையப் பேருக்கு வர்றதுதான், மாத்திரையில சரியாயிரும்'னாக. எனக்கு மத்ததெல்லாம் காதுல ஏறல. மூளையில புழு. அதை எங்க போய்ச் சொல்ல?

வண்டி ஓட்டக் கூடாதுன்னாக. கிணத்துல குளிக்கக் கூடாது, மேல ஏறக் கூடாது, தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது. நான் பிள்ளையைக் கேட்டேன். 'தாராளமா வச்சுக்கலாம். ஆனா நின்னுக்கிட்டுத் தூக்காதீங்க. தரையில பாய் விரிச்சு உக்காந்துக்கிட்டு வச்சுக்கங்க. பக்கத்துல விவரம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கணும்'னாக.

விவரம் தெரிஞ்ச ஒருத்தர். அங்கதான் மாட்டிக்கிட்டேன். விவரம் தெரியணும்னா நான் விவரத்தைச் சொல்லணும்ல?

சொல்லல. வலிப்புல கடிபட்டு நாக்கு வீங்கியிருந்துச்சு, படியில வழுக்கி விழுந்துட்டேன்னு அத்தைகிட்ட சொன்னேன். சிஸ்டர்கிட்ட எனக்குக் காய்ச்சல், இனிமே பிள்ளையை நெஞ்சுல போடலைன்னேன். அதுக்குள்ள அத்தைக்கு இருமல் நின்னுருச்சு, அவுக போட்டுக்கிட்டாக. நான் கதவுக் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு நிப்பேன். ஜோதிக்கு நினைவு திரும்பி, சாதா வார்டுக்கு வந்தா. 'நீங்கதான் பாப்பாவை நெஞ்சுல போட்டுக்கிட்டு இருந்தீங்களாமே, சிஸ்டர் சொன்னாக'ன்னு கேட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா. அந்தச் சிரிப்பை நான் சரியாக் கூட வாங்கிக்கல. ஆமான்னுட்டு மாத்திரை வாங்கப் போயிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எங்ககூடவே தங்கிட்டாக. குளிப்பாட்டுறது, சோறாக்குறது, எல்லாம் அவுகதான். நல்ல மனுசி, அதைச் சொல்லணும். வந்த அன்னைக்கே பிள்ளையை என்கிட்ட நீட்டுனாக. 'வாங்குங்க மாப்பிள்ளை'ன்னு. நான் கை அழுக்கா இருக்குன்னேன். மறுநாள் நீட்டுனாக. வெளிய போறேன்னேன். இன்னொரு நாள், சின்னப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியாது அத்தைன்னேன். ஆஸ்பத்திரியில பிடிச்சவருக்கு வீட்டுல பிடிக்கத் தெரியலையான்னு ஜோதி கேட்டா. அதுக்கப்புறம் அத்தை நீட்டல. ஒருநாள் அடுப்படியில பேசிக்கிட்டு இருந்தாக, எனக்குக் கேக்கட்டும்னே பேசுனாக. 'உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடந்தப்ப பாசம் இருந்துச்சு. பொழைச்சுக்கிருச்சு, பொட்டப்பிள்ளைன்னு உறைச்சிருச்சு.' நான் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி, சொன்னா நம்ப மாட்டீக. நல்லவேளை, இவுக வேற எதையோ நினைச்சுக்கிட்டாகன்னு.

நான் அவுகளைக் காப்பாத்துறேன்னுதான் நினைச்சேன். என் கையில இருந்து பிள்ளை விழுந்துறக் கூடாதுன்னுதானே? அப்பன்னா அதைத்தானே நினைப்பான்?

பாருங்க, ஆண்டிபட்டி தாண்டிருச்சு. கணவாய்ல வளைவு எடுப்பான், பிடிச்சு உக்காருங்க. அத்தைக்கு இங்கதான் கொடலைப் புரட்டும்.

பெறகு ஒருநாள். உச்சி வெயில் நேரம். அத்தை கடைக்குப் போயிட்டாக. ஜோதி குளிக்கப் போனா. 'தொட்டில்ல தூங்குறா, நீங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதும், தூக்க வேணாம்'னு சொல்லிட்டுத்தான் போனா. அப்படி ஒரு பேச்சு வாங்குற நிலைமைக்கு நான் வந்துட்டேன். நான் தொட்டில் கிட்ட உக்காந்திருந்தேன். ஒரு மாதிரி கொர்ருன்னு சத்தம் கேட்டுச்சு. சேலையை விலக்கிப் பாத்தா மூக்கு வழியாப் பால் வந்திருக்கு. மொகம் செவந்து, அப்புறம் நீலமாப் போகுது. சத்தம் வரல. கையை மட்டும் இப்படி இப்படி ஆட்டுது.

நான் எந்திரிச்சேன். எந்திரிச்சேங்கய்யா. ஜோதீன்னு கத்துனேன். தூக்கணும்னு தெரியுது. மனசுக்குள்ள தூக்குறா தூக்குறான்னு ஓடுது. நின்னுக்கிட்டுத் தூக்காதன்னும் ஓடுது. உக்காந்து தூக்கியிருக்கலாம்ல? இப்பத் தோணுது. அப்பத் தோணல. நின்னேன்.

ஜோதி பாவாடையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, தலையெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட ஓடியாந்தா. பிள்ளையை அள்ளிக் குப்புறக் கையில போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடிச்சு, முதுகுல தட்டுனா. ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்திருக்காக. தட்டுனா, தட்டுனா. வீல்னு கத்துச்சு பாருங்க. என் காதுல அந்த மாதிரி ஒரு நல்ல சத்தம் விழுந்ததில்ல.

அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. வயித்துல தையல் போட்ட இடத்தைப் பிடிச்சுக்கிட்டு. பிள்ளை மொகத்தைப் பாத்தா, மூக்கைத் துடைச்சா, திரும்பப் பாத்தா. பெறகு நிமிந்து என் கையைப் பாத்தா. நானும் அப்பத்தான் பாத்தேன். என் ரெண்டு கையும் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, எனக்கே தெரியாம.

'உன் கை எங்க இருந்துச்சு?'ன்னா.

கல்யாணம் ஆனதுல இருந்து அவ என்னை நீன்னு சொன்னதில்ல.

'பொம்பளப்பிள்ளைதானே, போகட்டும்னு நின்னியா?'

எதுக்கும் காட்டிருவோம்னு பிள்ளையைத் தேனிக்குக் கொண்டு போனோம், ஆட்டோவுல. வழி நெடுக அவ என் பக்கம் திரும்பல. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல, நுரையீரலுக்குப் போகல, ஒருநாள் வச்சுப் பாத்துட்டு அனுப்புறோம்னாக. மறுநாள் காலையில அத்தையைப் பிள்ளைகிட்ட விட்டுட்டு ஜோதி வராந்தாவுல வந்து என் பக்கத்துல உக்காந்தா. 'நான் எங்க அம்மாவோட கூடலூர் போறேன். பாப்பாவும் வர்றா. நீ எங்களை வந்து பாக்க வேணாம்'னா. கோபமா இல்ல. மாசச் சாமான் என்ன வாங்கணும்னு சொல்லுவாளே, அந்தக் குரல்ல.

எனக்கு அந்த வார்த்தை வாயில வரல. வலிப்புங்கிற வார்த்தை. அவளுக்கு வந்தப்போ ஊர் பூராச் சொன்ன வாய்தான். அன்னைக்கு எனக்கு மாத்திரை வாங்குற நாள். 'ஒரு இடத்துக்கு வா, பெறகு போ'ன்னேன். எனக்கு வைத்தியம் பாக்கிற அந்த இன்னொரு கட்டிடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பெஞ்சுல உக்கார வச்சேன். அவ யாரையோ பாக்க வந்திருக்கோம்னு நினைச்சா போல. சுத்தியும் பாத்தா. அங்க ஒரு பையனுக்கு, விழுந்தா அடிபடாம இருக்கத் தலைக்கவசம் மாட்டி, அவன் அம்மா பிடிச்சு உக்காந்திருந்தாக. தவமணின்னு உள்ள இருந்து பேரைக் கூப்பிட்டாக. ஜோதி என்னைப் பாத்தா. நான் எந்திரிச்சேன்.

டாக்டரம்மாதான் எல்லாத்தையும் அவகிட்ட சொன்னாக. நான் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மனைவிக்குத் தெரியாதான்னு கேட்டாக.

வெளிய வந்து வேப்பமரத்துக்கு அடியில நின்னோம். அழுவா, இல்ல திட்டுவான்னு பாத்தேன். ரெண்டும் இல்ல. 'எப்ப வந்துச்சு?'ன்னா. சொன்னேன். 'ரோட்டுலயா?'ன்னா. ஆமான்னேன். வேட்டி நனைஞ்சதைச் சொல்லல. அதை இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்லியிருக்கேன்.

அப்புறம் சொன்னா: 'நானும்தானே இழுத்துக்கிட்டுக் கெடந்தேன். என் கண்ணு சொருகுனதை மண்டி பூரா நடிச்சுக் காட்டியிருக்கே. மீன்காரம்மா வரைக்கும் என்கிட்ட வந்து கேட்டாக. நான் வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டேனா? எனக்கு வந்தா அது நோவு, உனக்கு வந்தா அவமானமா?'

ஆம்பளைக்கு அது வேற இல்லைங்களா? அவளுக்குப் பிரசவத்துல வந்தது. வந்துச்சு, போயிருச்சு. எனக்கு மண்டையில புழு. எவன் லோடு குடுப்பான்? எவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடுவான்? சொல்லுங்க.

ம். நீங்களும் ஜோதியைத்தான் பாக்கிறீக.

அவ கூடலூர் போகல. அதுவரைக்கும் சரி. 'அத்தைகிட்ட சொல்லாத'ன்னு கேட்டுக்கிட்டேன். 'நான் சொல்ல மாட்டேன். அது உன் நோவு, நீயே சொல்லு. ஆனா எங்க அம்மா கேட்டா நான் பொய்யும் சொல்ல மாட்டேன், பேசாம இருப்பேன்'னா. அப்படித்தான் இருக்கா. அவுக அம்மா என்னைப் பேசுற பேச்செல்லாம் அவ தலையிலதான் விழுது. போன வாரம் பேர் வச்சோம், நிறைமதின்னு. ஜோதி கூடப்பொறந்தவன், என் மச்சான், மடியில வச்சுக் காதுல பேர் சொன்னான். நான் வெளிய பந்தல்ல பாயாசம் கொதிக்கிறதைப் பாத்துக்கிட்டு நின்னேன். 'பெத்தவருக்குப் பேரு சொல்லக் கூட மனசு வரல, உன் தலையெழுத்து'ன்னு அத்தை சொந்தக்காரவுக எல்லாருக்கும் முன்னாடி சொன்னாக. ஜோதி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. குனிஞ்சுக்கிட்டு ஜன்னல் வழியா என்னைத்தான் பாத்தா.

ஆனா ஒண்ணு. அத்தை வெளிய போற நேரத்துல ஜோதி பாயை விரிப்பா. சுத்தித் தலையணை போடுவா. என்னை நடுவுல உக்கார வச்சு, பிள்ளையைக் குடுத்துட்டு, எதுத்தாப்புல காலை நீட்டி உக்காந்துக்குவா. சட்டையைக் கழட்டுன்னுவா. நெஞ்சுல போட்டதும் பிள்ளை அப்படியே அடங்கிரும். வாசக்கதவுச் சத்தம் கேட்டா நான் சட்டுன்னு பிள்ளையை அவகிட்ட குடுத்துட்டு எந்திரிச்சு சட்டையை மாட்டிருவேன். சொந்தப் பிள்ளையைத் திருட்டுத்தனமாத் தூக்குறவன் ஊர்லயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். அத்தை உள்ள நுழையும்போது பாக்கிறது அதைத்தான். பிள்ளையை விட்டுட்டு அவசரமா எந்திரிச்சுப் போறேன். அவுக என்ன நினைப்பாக? நான் அவுகளைக் குறை சொல்ல முடியாது.

இன்னைக்கும் பிள்ளைக்குக் கண்ணு காட்டத்தான் மதுரைக்குப் போறோம்னு அத்தைகிட்ட சொல்லியிருக்கோம். நாளாகாமப் பிறந்த பிள்ளைக்குக் கண்ணைப் பாக்கணும்னாக. அது நெசந்தான். ஆனா எனக்கும் அங்க ஒரு டாக்டரைப் பாக்க வேண்டியிருக்கு. அத்தை நானும் வர்றேன்னு கெளம்பிட்டாக. இப்ப ஜோதிதான் யோசிச்சுக்கிட்டு வரணும், அவுகளை எங்க உக்கார வச்சுட்டு என்னை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு. அவளுக்கே பிரஷர் மாத்திரை இன்னும் நிறுத்தல. கை ஓஞ்சு போயிருக்கும். சின்னமனூர்ல இருந்து மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு வர்றா. ஒரு தடவை திரும்பிப் பாத்தா, நீங்களும் பாத்திருப்பீக. நான்தான் ஜன்னலைப் பாத்தேன்.

நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன். சொல்லச் சொல்ல எனக்கே என்னமோ மாதிரி இருக்குங்கய்யா. உள்ளுக்குள்ள வச்சிருந்தப்போ நான் செஞ்சதுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. வெளிய வந்தப்புறம் அது எங்க போச்சுன்னு தெரியல.

உசிலம்பட்டி வந்துருச்சு. செத்த நேரம் நிக்கும்.

என்ன ஜோதி? அத்தைக்கு வாந்தி வருதா? கூட்டிக்கிட்டு இறங்கு, அந்தப் பக்கம் குழாய் இருக்கு. தனியா விடாத, தலை சுத்தி விழுந்துறப் போறாக.

பிள்ளையையா...

கேட்டீகளாய்யா? அத்தை உங்ககிட்ட குடுக்கச் சொல்றாக. 'அவர்கிட்ட நீட்டாதடி, அந்தப் பெரியவர்கிட்ட குடு, நல்ல மனுசராத் தெரியுறாரு'ங்கிறாக. முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட. நான் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இருங்க. வாங்காதீக, ஒரு நிமிசம்.

அத்தை. அத்தை, நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இல்ல, இப்பவே சொல்லணும். எனக்கு வலிப்பு வருது அத்தை. வலிப்பு. ஆமா, ஜோதிக்கு வந்துச்சுல்ல, அதே மாதிரிதான். ஆஸ்பத்திரியில இருக்கும்போதே வந்துருச்சு. அதனாலதான் வண்டி ஓட்டல, இடுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் பிள்ளையைத் தூக்கல. பொம்பளப்பிள்ளைன்னு இல்ல அத்தை. சத்தியமா அது இல்ல.

கேக்கட்டும் அத்தை. பஸ்ஸுல இருக்கிறவுக எல்லாரும் கேட்டுக்கிரட்டும்.

அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேணாம்னு வாயைக் கட்டியிருந்தேன். அவளைத் திட்டாதீக. என்னைத் திட்டணும்னா, கீழ போய்ட்டு வந்து திட்டுங்க. இப்ப இறங்குங்க, மொகமெல்லாம் வெளிறிப் போச்சு. அழாதீக அத்தை. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மதுரையில அதுக்கும்தான் போறோம். நீங்களும் உள்ள வாங்க, டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

ஐயா, நான் ஜன்னல் பக்கம் வந்துக்கிறேன். நீங்க இப்படி வாங்க. பையைக் காலுக்கு அடியில போடுங்க, பரவாயில்ல.

குடு ஜோதி.

தலையை இப்படி. ம்.

ஐயா, உங்க கையை என் கைக்குக் கீழ வச்சுக்கங்க. பிடிக்க வேணாம், சும்மா வச்சிருந்தாப் போதும். ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் என் விரல் தானா ஆட ஆரம்பிச்சா என்னைப் பாக்காதீக, முதல்ல பிள்ளையை எடுத்துருங்க. என்னை அப்புறம் பாத்துக்கலாம்.